புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருமலை முதலாம் நகரக் காவல் நிலையத்தில் ஒரு வழக்குப் பதிவு செய்யப்பட்டது. புகார் அளித்தது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு. தேவஸ்தானத்தின் இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளம் ஒன்று இயங்கிவருகிறது என்பது புகாரின் சாரம். அத்தகைய 40 போலித் தளங்களின் மீது அதற்கு முன்பே வழக்குகள் பதிவாகியிருந்தன, இது 41ஆவது.

அப்போது தேவஸ்தானத்தின் உண்மையான முகவரி ‘திருப்பதிபாலாஜி புள்ளி ஏபி புள்ளி கவ் புள்ளி இன்’. போலித் தளத்தின் முகவரி ‘திருப்பதிபாலாஜி சிறுகோடு ஏபி சிறுகோடு கவ் புள்ளி ஆர்க்’. (ஆங்கில எழுத்துகளில் அமைந்த முகவரிகளை, வாய்விட்டுப் படிக்கும் முறையிலேயே இக்கட்டுரையில் தமிழில் தருகிறோம்.) இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஆனால் பக்தர் எவரும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. அவர் கண்முன் இருப்பது ஒன்றே. அதில் ஏழுமலையானின் படம் இருக்கிறது; கோபுரம் இருக்கிறது; தரிசனம், தங்குமிடம், நன்கொடை என்ற பகுதிகள் எல்லாம் இருக்கின்றன. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டுகள் வெளியான சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும் என்ற பதைப்பும் அவருக்கு இருக்கிறது. பதைப்பில் உள்ளவர் புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

சித்தூர், புத்தூர், நகரிப் பகுதிகளில் வாழும் நம் வாசகர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. “நீங்கள் மலைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், எங்களுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்” என்று சென்னையிலும் வேலூரிலும் உள்ள உறவினர்கள் கேட்பது வழக்கம். ‘இதில் போட்டால் கிடைக்கிறதாம்’ என்ற குறிப்புடன் ஒரு மின்னஞ்சலையும் நமக்கு அனுப்பி வைப்பார்கள். அனுப்பியவர் நம் சொந்தக்காரர் என்பதால், அவருக்கு அதை அனுப்பியவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

போலித் தளம் விரித்து வைத்த வலை என்றால், நம்மை அதில் கொண்டு சேர்க்கும் தூண்டில் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல், ஒரு குறுஞ்செய்தி அல்லது தேடுபொறியில் தோன்றும் ஒரு விளம்பரம். இக்கட்டுரை அவற்றுள் மின்னஞ்சலைப் பற்றியது. வங்கி வாடிக்கையாளருக்கு வரும் போலி அஞ்சலும் திருமலை பக்தருக்கு வரும் போலி அஞ்சலும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை. மேற்கண்ட முகவரியை நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்டவர் மற்றவற்றையும் அடையாளம் கண்டுகொள்வார்.

அனுப்புநர் என்ற இடம்

பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகியபோது இடப்பக்கம் ‘அனுப்புநர்’ என்றும் அதன் கீழே ‘பெறுநர்’ என்றும் எழுதினோம். அஞ்சலகம் பெறுநர் முகவரியைப் படித்துத்தான் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும். அனுப்புநர் என்ற இடத்தில் மாவட்ட ஆட்சியர் என்று ஒருவர் எழுதிப் பெட்டியில் போட்டாலும் அஞ்சலகம் அதைத் தடுப்பதில்லை. தடுப்பது அதன் வேலையும் அன்று.

மின்னஞ்சலும் இந்த வழக்கத்தின்மீதே கட்டப்பட்டது. அதை அனுப்பும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். அனுப்புநர் யார் என்று சொன்னாரோ அவரே அனுப்பினார் என்று கணினி ஏற்றுக்கொண்டது. இன்று நிலைமை ஓரளவு திருந்தியிருக்கிறது. ஓர் அஞ்சல் வந்ததும், அதை அனுப்பிய கணினிக்கு அந்த முகவரியின் பெயரில் அனுப்பும் உரிமை உண்டா என்று பெரிய அஞ்சல் சேவைகள் பின்னணியில் சரிபார்க்கின்றன. உரிமை இல்லையெனில் அஞ்சல் வேண்டாத அஞ்சல்களின் பெட்டிக்குப் போகிறது, அல்லது திருப்பப்படுகிறது.

ஆகவே வங்கியின் முகவரியை அப்படியே திருடி எழுதுவதைவிட, அதைப் போன்ற வேறொரு முகவரியைச் சில நூறு ரூபாய் கொடுத்துச் சொந்தமாகப் பதிவு செய்துகொள்வது மோசடிக்காரருக்கு எளிதாகிவிட்டது. அந்த முகவரிக்கு அவரே உரிமையாளர். ஆதலால் பின்னணிச் சோதனைகள் அனைத்திலும் அது தேறிவிடும். அஞ்சல் நம் பெட்டியில் முறையாக வந்து அமர்ந்திருப்பதாலேயே அது நம்பத்தக்கது ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வசதியையும் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கைப்பேசியில் அஞ்சலைத் திறந்தால் அனுப்பியவரின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் தெரியும்; முகவரி மறைந்திருக்கும். பெயர் என்பது அனுப்புகிறவர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்வது. ‘வாடிக்கையாளர் சேவை மையம்’ என்றோ ‘கிளை மேலாளர்’ என்றோ யாரும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரின்மீது விரலை வைத்து ஒருமுறை தொட்டால் உண்மையான முகவரி விரியும். போலி அஞ்சல்களில் ஒரு கணிசமான பகுதி இந்த ஒரு தொடுதலிலேயே அம்பலப்பட்டுவிடும்.

வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

முகவரி விரிந்தபின் அதை எப்படிப் படிப்பது? நாம் எதையும் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். முதலில் ‘திருப்பதிபாலாஜி’ என்று கண்ணில் பட்டதும் மனம் நிறைவடைந்து, மீதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது. மோசடிக்காரர் நம்புவதும் இந்தப் பழக்கத்தைத்தான். இணைய முகவரியோ வலமிருந்து இடமாகப் பொருள்படுவது.

மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்கு வலப்புறம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இணையதள முகவரியாயின், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், அடுத்த சாய்கோடு வரும் வரையில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ‘கவ் புள்ளி இன்’ என்று முடிந்தால் அது அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படும் பெயர். அதற்கு முன் புள்ளியுடன் ‘ஏபி’ இருந்தால் ஆந்திரப் பிரதேச அரசுக்கு உட்பட்டது. அதற்கும் முன் இருப்பது நிறுவனத்தின் பெயர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாயில். வலப்புற வாயிலின் உரிமையாளர் அனுமதித்தால்தான் இடப்புறம் ஒரு பெயர் குடியேற முடியும்.

சிறு கோட்டுக்கு இந்த ஆற்றல் இல்லை. அது பெயருக்குள் வரும் மற்றோர் எழுத்து, அவ்வளவே. 2023இல் பிடிபட்ட போலி முகவரியில் ‘ஏபி’யும் ‘கவ்’வும் இருந்தன, ஆனால் அவை கோடுகளால் ஒட்டப்பட்டு, ‘திருப்பதிபாலாஜிஏபிகவ்’ என்னும் நீண்ட தனிப்பெயராக இருந்தன. உண்மையான வாயில் ‘ஆர்க்’ ஒன்றே. ‘ஆர்க்’ என்று முடியும் முகவரியை உலகில் எவரும் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டு முகப்பில் ‘ஆட்சியர் அலுவலகம்’ என்று ஒருவர் தம் பெயரை எழுதி வைத்துக்கொண்டது போன்றதுதான் அது.

தேவஸ்தானம் 2024 ஜனவரியில் தன் தளத்தின் முகவரியை ‘டிடிதேவஸ்தானம்ஸ் புள்ளி ஏபி புள்ளி கவ் புள்ளி இன்’ என்று மாற்றிக்கொண்டது. இடப்புறப் பெயர் மாறியது; வலப்புறம் மாறவில்லை. வலமிருந்து படிக்கத் தெரிந்தவருக்கு இந்த மாற்றத்தால் குழப்பம் ஏதும் இல்லை. பழைய பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தவருக்குத்தான் தடுமாற்றம்.

வங்கிகளுக்கும் இப்போது இத்தகைய தனி வாயில் ஒன்று அமைந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தபடி, இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் ‘பேங்க் புள்ளி இன்’ என்று முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31க்குள் இந்த மாற்றத்தை முடிக்குமாறு வங்கிகளுக்கு ஆணையிடப்பட்டது. இந்த முகவரிகளைப் பதிவு செய்து தரும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. வங்கியல்லாத ஒருவர் அங்கே சென்று பெயர் கேட்டால் கிடைக்காது.

இது பெரும் பாதுகாப்பு. ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கே பாதுகாப்பு. வங்கியின் பெயரை எழுதி, ஒரு சிறு கோடு, பின் ‘பேங்க்’, மீண்டும் ஒரு சிறு கோடு, பின் ‘இன்’, கடைசியில் ‘புள்ளி காம்’ என்று முடித்தால் அது வங்கியின் முகவரி அன்று. ‘பேங்க் புள்ளி இன்’ என்பது நடுவில் வந்து, அதன் வலப்புறம் இன்னொரு புள்ளியும் வேறொரு பெயரும் தொடர்ந்தாலும் அவ்வாறே. திருமலைப் போலித் தளத்தில் கண்ட அதே தந்திரம்தான். சாமியின் பெயருக்குப் பதில் வங்கியின் பெயர்.

எழுத்தை மாற்றும் தந்திரமும் உண்டு. தமிழில் ‘ர’கரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காணாமல் அவசரத்தில் படித்துவிடுகிறோம் அல்லவா, அதுபோல ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரு சிற்றெழுத்துகளை ஒட்டி எழுதினால் ‘எம்’ போலத் தெரியும். ‘எல்’ எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண்ணையும், ‘ஓ’ எழுத்துக்குப் பதில் சுழியத்தையும் இடுவார்கள். சிறிய திரையில், கண்ணாடி அணியாத கண்ணுக்கு, இவை தெரியாது. முகவரி பற்றி ஐயம் எழுந்தால் அதை உற்றுப்பார்த்து நேரத்தைச் செலவிடுவதைவிட, அஞ்சலை மூடிவிட்டு வங்கியின் செயலியை நீங்களே திறந்து பார்ப்பது எளிது. உங்கள் கணக்கில் உண்மையாகவே ஏதேனும் குறை இருந்தால் அங்கும் தெரியும்.

மாற்றம் நடக்கும் வேளை

மோசடி அஞ்சல் ஒருபோதும் வெற்று வேளையில் வருவதில்லை. ஏதோ ஒரு மாற்றம் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கும்போது அதன் நிழலில் ஒதுங்கி வரும்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று ஆந்திரா வங்கி, யூனியன் வங்கியுடன் இணைந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. பலருடைய முகவரியில் மாவட்டத்தின் பெயரே மாறியது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே 1 அன்று மாநிலத்தின் மற்ற மூன்று கிராம வங்கிகளுடன் இணைந்து ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கி ஆயிற்று. பின்னர் வங்கிகளின் இணைய முகவரிகளும் மாறின.

இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மோசடி அஞ்சலுக்குத் தயார் நிலையில் உள்ள தலைப்பு. ‘இணைப்பின் காரணமாகத் தங்கள் கணக்கு எண் புதுப்பிக்கப்பட வேண்டும்’, ‘மாவட்ட மாற்றத்தால் கேஒய்சி விவரங்களை மீண்டும் பதிவு செய்க’, ‘எங்கள் இணைய முகவரி மாறியுள்ளது, கீழுள்ள சுட்டியில் நுழைந்து உறுதி செய்க’ என்றெல்லாம் எழுதினால், செய்தித்தாள் படிப்பவருக்கே நம்பிக்கை பிறக்கும். அஞ்சலில் சொல்லப்பட்ட செய்தி உண்மை என்பதால் அஞ்சலும் உண்மை ஆகிவிடாது. முகவரி மாறியது உண்மை. ஆனால் அதற்காக வாடிக்கையாளர் கடவுச்சொல்லைத் தர வேண்டும் என்பதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

கேஒய்சி புதுப்பிக்க வேண்டிய தேவை வங்கிகளுக்கு உண்மையாகவே எழுவதுண்டு; நினைவூட்டல் அஞ்சல்களும் உண்மையாகவே வரும். அதனால்தான் ‘வங்கி அஞ்சலே அனுப்பாது’ என்று பொதுவாகச் சொல்லிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அஞ்சல் வரும். அதில் ஓடிபி, கடவுச்சொல், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண், யுபிஐ ரகசிய எண் ஆகியவற்றில் எதையும் கேட்க மாட்டோம். இன்று மாலைக்குள் கணக்கு முடக்கப்படும் என்று மிரட்டவும் மாட்டோம்.

ஆதாய ஆசை காட்டும் அஞ்சல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி தனிநபர் எவருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை. ஆகவே அதன் ஆளுநர் பெயரில் உங்களுக்குப் பரிசுத் தொகை காத்திருக்க வழியே இல்லை. வருமான வரித் திருப்பித்தொகை, துறையின் தளத்தில் நீங்கள் முன்பே பதிந்து சரிபார்த்த வங்கிக் கணக்குக்குத் தானாக வரும். அதைப் பெற அட்டை எண்ணை எங்கும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வளைகுடா வேலைக்கு முன்பணம் கேட்கும் அஞ்சல் வந்தால், அனுப்பிய முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள்.

அச்சமூட்டும் அஞ்சல் வேறு வகை. காவல்துறை அல்லது சிபிஐ முத்திரையுடன், நீங்கள் தடை செய்யப்பட்ட படங்களைப் பார்த்ததாகக் குற்றம் சாட்டி, 24 மணி நேரத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கோப்பாக இணைக்கப்பட்டு வரும். பதில் எழுதியவருடன் பேரம் தொடங்கும். ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி வீட்டிலேயே காணொளி முன் உட்கார வைப்பதும் இதன் நீட்சியே. சட்டத்தில் அப்படியொரு கைது இல்லை என்று 2024 அக்டோபரில் வானொலி உரையில் பிரதமரே நாட்டு மக்களிடம் விளக்க நேர்ந்தது. இந்த வகையில் இழக்கப்படும் பணத்தைவிட, வெளியில் சொல்லக் கூசித் தனியே தவிக்கும் மனிதரின் நிலைதான் எங்களைக் கலங்கச் செய்கிறது. இத்தகைய அஞ்சல் வந்தால் வீட்டில் ஒருவரிடமேனும் காட்டிவிடுங்கள். இரண்டாவது ஆள் படித்தால் அதன் வேகம் பாதியாகக் குறைந்துவிடும்.

மாம்பழக்கூழ் ஆலைக்கு வரும் அஞ்சல்

வணிகம் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு மேற்கண்டவை எல்லாம் சிறு தொல்லைகள். பெரிய இழப்பு வேறோர் அஞ்சலால் நேர்கிறது. அதில் ஆசையும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை.

சித்தூர் மாவட்டத்தின் ஆலைகள் தோதாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றன. அத்தகைய ஆலை ஒன்றை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொள்வோம். பருவத்தின் உச்சம், வாயிலில் மாம்பழ லாரிகள் வரிசையில் நிற்கின்றன, விவசாயிகளுக்குப் பணம் தர வேண்டும். பீப்பாய்கள் கப்பலேறிவிட்டன. வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து பணம் வரவேண்டிய நாளில் வரவில்லை. கேட்டால், “நீங்கள் போன வாரம் எழுதிய புதிய கணக்குக்கு அனுப்பிவிட்டோமே” என்கிறார் வாங்குநர். ஆலையிலிருந்து அப்படி யாரும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். இரு தரப்பில் ஒருவருடைய அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் எப்போதோ ஒரு போலிச் சுட்டியின் வழியே திருடப்பட்டிருக்கிறது. திருடியவர் உடனே எதையும் செய்யவில்லை. வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்தைப் படித்துக்கொண்டே இருந்தார். யார் யாருக்கு எழுதுகிறார், எந்தத் தொனியில், விலைப்பட்டியல் எந்த வடிவில் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிட்டது. பணம் செலுத்தும் நாள் நெருங்கியதும், ஆலையின் முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்து, அதே பேச்சின் தொடர்ச்சியாக ஒரே ஒரு வரி எழுதினார்: தணிக்கை காரணமாகப் பழைய கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இம்முறை இந்தக் கணக்குக்கு அனுப்புக.

படிப்பறிவோ கணினி அறிவோ இல்லாதவர்கள்தாம் இதில் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2013க்கும் 2015க்கும் இடையில் லித்துவேனியா நாட்டவர் ஒருவர், தைவானின் கணினித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் பெயரால் போலி விலைப்பட்டியல்களை அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்தும் 12 கோடி டாலருக்கு மேல் பெற்றார். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. உலகின் அஞ்சல்களைக் காக்கும் நிறுவனமே ஓர் அஞ்சலால் ஏமாந்தது.

வங்கிகளும் விதிவிலக்கல்ல. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குக் கடத்தப்பட்டது. வேலை கேட்டு ஒருவர் தம் தன்விவரக் குறிப்புக்கான சுட்டியுடன் எழுதியது போன்ற அஞ்சல்களில் அந்தத் தாக்குதல் தொடங்கியதாக அமெரிக்க நீதித்துறை 2018இல் தாக்கல் செய்த குற்றப்பத்திரம் கூறுகிறது. அதே கணக்கிலிருந்து இலங்கையில் உள்ள ஓர் அமைப்புக்கு 2 கோடி டாலர் அனுப்பும் ஆணையும் இருந்தது. அதில் ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் இடையிலிருந்த வங்கி ஐயுற்றுக் கேள்வி எழுப்ப, அந்தத் தொகை தப்பியது. எழுத்துப்பிழை காப்பாற்றிய காலம் அது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற ஆங்கிலத்தில் மட்டுமன்றித் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதித் தருகின்றன. ‘மொழி மோசமாக இருந்தால் மோசடி’ என்று முன்பு நாங்களே சொல்லிவந்தோம். நல்ல மொழியில் வந்த அஞ்சல் நல்ல அஞ்சல் என்று அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கணக்கு எண் மாறியதாக எந்த அஞ்சல் வந்தாலும், அது எத்தனை பழகிய முகவரியிலிருந்து வந்தாலும், தொலைபேசியில் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். அழைக்க வேண்டியது அந்த அஞ்சலில் தரப்பட்ட எண்ணை அன்று. முன்பே உங்கள் ஏட்டில் உள்ள எண்ணை. உள்நாட்டுப் பரிமாற்றங்களுக்கு இன்னொரு துணையும் வந்திருக்கிறது. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் சரியாக இருந்தால், பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் போய்விடும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியே அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தருமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பெயரைப் படிக்காமல் ‘தொடர்க’ என்று அழுத்துபவர்கள் இன்னும் பலர்.

சுட்டியை அழுத்திவிட்டால்

இத்தனையும் அறிந்தவரும் ஒருநாள் அழுத்திவிடலாம். களைப்பான மாலை, உண்மையாகவே எதிர்பார்த்த ஓர் அஞ்சல், அவ்வளவு போதும். கிளையில் பணியாற்றும் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஒருவர் வந்து, கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பார். கடைசியாக அருகில் வந்து, “ஐயா, ஒரு சின்ன சந்தேகம்” என்று தொடங்குவார். பணம் போய் மூன்று நாள் ஆகியிருக்கும். மகனிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. படித்தவன் இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்களே என்ற கூச்சம். அந்த மூன்று நாள்தான் நாம் மீட்டிருக்கக்கூடிய பணத்தைக் கொண்டுபோய்விட்டது.

ஏனென்றால் திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முதற் கணக்கிலிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்கு, பிறகு ஏடிஎம் வழியே ரொக்கமாக என்று ஓடிக்கொண்டே இருக்கும். 1930 என்ற தேசிய உதவி எண்ணில் நீங்கள் புகார் சொன்னதும், அது பணம் சென்றடைந்த வங்கிக்கு உடனே தெரிவிக்கப்படுகிறது. பணம் அங்கே இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். அங்கிருந்து நகர்ந்திருந்தால் புகார் அடுத்த வங்கிக்குப் போகும். பணமும் புகாரும் ஓடும் ஓட்டப்பந்தயம் இது. புகார் எவ்வளவு முன்னதாகப் புறப்படுகிறதோ அவ்வளவு வாய்ப்பு. ‘சைபர்கிரைம் புள்ளி கவ் புள்ளி இன்’ என்ற மத்திய உள்துறை அமைச்சகத்தின் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

பொறுப்பு யாருடையது என்பதையும் நேரமே முடிவு செய்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்து, அது குறித்த தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் வரை ஆனால் குறிப்பிட்ட வரம்பு வரை அவர் ஏற்க வேண்டியிருக்கும். போலித் தளத்தில் ஓடிபியைத் தாமே தட்டச்சு செய்தவரின் நிலை கடினமானது: வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. ஆனால் தெரிவித்த நொடிக்குப் பின் நடக்கும் எந்தப் பரிமாற்றத்துக்கும் வங்கியே பொறுப்பு. இந்த இரண்டாவது பாதியைப் பலர் அறிவதில்லை. ‘தவறு என்னுடையது, சொல்லி என்ன பயன்’ என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் கணக்கில் மீதமிருந்ததும் போய்விடுகிறது.

எனவே ஐயம் தோன்றியதும் முதலில் வங்கியின் செயலியிலோ உதவி எண்ணிலோ அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்குங்கள். உதவி எண்ணை உங்கள் அட்டையின் பின்புறத்திலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ பார்த்து எடுங்கள்; தேடுபொறியில் தேட வேண்டாம், அங்கும் போலி எண்கள் இடம்பிடித்து வைத்திருக்கின்றன. அடுத்து 1930. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பணம் போன கணக்கின் எண், தொகை, நாள், நேரம், பரிமாற்றக் குறிப்பு எண். யுபிஐ பரிமாற்றமாயின் அந்தக் குறிப்பு எண் 12 இலக்கங்கள் கொண்டது. செயலியின் பரிமாற்ற வரலாற்றில் கிடைக்கும். அந்த மின்னஞ்சலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அதை வேறொருவருக்கு அனுப்பினால் அனுப்புநர் பற்றிய உள்விவரங்கள் மாறிவிடும். வந்தபடியே பெட்டியில் இருக்கட்டும். காவல்துறையினர் கேட்கும்போது அதைத் திறந்து காட்டினால், எந்தக் கணினியிலிருந்து, எந்த வழியாக அது வந்தது என்பதை அதன் தலைப்பு விவரங்களிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.